ஆறு நாளும் இருபது நிமிடமும்: மட்டக்களப்பிலிருந்து சென்னைக்குப் போன கதை

நூற்றாண்டு விழாவுக்கு நாள் குறித்த அன்றிரவு எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. சென்னையில் வசிக்கும் தோழி கேட்டிருந்தாள்: "இங்க இருந்து மட்டக்களப்புக்கு இப்ப எத்தின மணித்தியாலம்?"

ரொறன்ரோவில் இருப்பவள், "உனக்கென்ன, பக்கத்து ஊர்" என்று எழுதினாள். லண்டனில் இருப்பவள் கைத்தொலைபேசி வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்து, "அறுநூறு கிலோமீட்டர். பிளேனில ஒரு மணித்தியாலம்" என்றாள். ஊரில் இருப்பவள் என்ற முறையில் நான்தான் முடிவான பதில் சொல்லவேண்டியிருந்தது. "ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு வா" என்று எழுதினேன். அதை யாரும் நம்பவில்லை. சிரிக்கும் முகங்கள் பல வந்து விழுந்தன.

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நீரிழிவைப் பற்றிய ஒரு கட்டுரை. அதை அடுத்த மலருக்கு எழுதுவதாகச் சொல்லி, அந்தக் கேள்விக்கு விரிவான பதில் எழுத அனுமதி வாங்கிக்கொண்டேன். நான் சரித்திர ஆசிரியை அல்ல. ஆனால் ஒரு நோயாளி எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தார் என்று தினமும் கேட்கும் தொழில் எனது. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நமது விமான நிலையம் திமிலைதீவில் இருக்கிறது. அங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 608 கிலோமீட்டர். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 645 கிலோமீட்டர். கொழும்புக்காரரைவிட நாம்தான் சென்னைக்குக் கிட்ட இருக்கிறோம். ஆனாலும் நாம் சென்னைக்குப் போவதென்றால், தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போய், நம்மைவிடத் தூரமான இடத்திலிருந்து விமானம் ஏறவேண்டும்.

பறப்பு நேரமும் தூரத்தோடு ஒட்டிப் போவதில்லை. ஒரு ஜெற் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்தக் கணக்கில் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஐம்பது நிமிடம் போதும். அட்டவணையில் இருப்பதோ ஏறத்தாழ 1 மணித்தியாலம் 20 நிமிடம். வாசலை விட்டு நகர்ந்து ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, மெல்லக் கீழே இறங்குவது, இறங்குவதற்கு முறை காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். அங்கு வந்துபோகும் விமானம் விசிறி இயந்திரம் கொண்டது, மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகம். அதற்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல்தான் குறித்திருக்கிறார்கள். குறுந்தூரப் பயணங்களில் விமானத்துக்குள் இருக்கும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. விமானத்தின் படியில் கால் வைக்கும்வரை செல்லும் நேரம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நமது ஊரின் பயணச் சரித்திரம் முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

பழைய காலத்தில் நமக்கு வாசல் கடல்தான். ஒல்லாந்த மாலுமி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1601 மே மாதம் தன் நாட்டிலிருந்து புறப்பட்டு, 1602 மே 31ஆம் திகதி மட்டக்களப்பை அடைந்தார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பயணம். இங்கிருந்துதான் கண்டி அரசனைப் பார்க்க மேலே போனார். இருநூறு ஆண்டு கழித்து மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, பம்பாய் வழியாக 1814 ஜூன் இறுதியில் காலியில் இறங்கினார். ஆறு மாதம். அங்கிருந்து மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். வந்து ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில், இங்கேயே காலமானார். ஆங்கிலக் கல்வி நமது ஊருக்கு வந்தது இப்படித்தான்.

பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. 'லேடி ஹவ்லொக்', 'லேடி கோர்டன்' என்று ஆளுநர்மாரின் மனைவியர் பெயர் தாங்கிய கரையோரக் கப்பல்கள் தீவைச் சுற்றிவந்தன. முகத்துவாரத்தில் மணல் திட்டு இருப்பதால் பெரிய கப்பல் வாவிக்குள் வரமுடியாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சாமான்களும் வள்ளத்தில் போய் ஏறவேண்டும். 1913இல் கட்டிய வெளிச்சவீடு இன்றும் அந்த இடத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளம் இறங்காது. அப்போது தூரம் எத்தனை மைல் என்பதற்குப் பொருளே இல்லை. காற்று ஓயவேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நமது பழைய மாணவிகள் சங்கம் மட்டக்களப்பு ரயிலைவிட மூத்தது. கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ரயில் வந்தது 1928இல். நமது சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வந்த பெண்கள் யாரும் ரயிலில் வந்திருக்க முடியாது. மாட்டு வண்டியில் வந்திருப்பார்கள், தோணியில் வந்திருப்பார்கள், நடந்து வந்திருப்பார்கள். ஆனாலும் வந்தார்கள்.

நமது மண் சென்னைக்கு அனுப்பிய மிகப் பெரிய மனிதரும் ரயிலுக்கு முந்தியவர்தான். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். விபுலாநந்த அடிகளாகத் திரும்பி வந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக மறுபடியும் அக்கரைக்குப் போனார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இக்கரைக்கு வந்தார். 1947 ஜூனில் யாழ் நூலைத் தமிழ்நாட்டில் அரங்கேற்றிவிட்டு, அடுத்த மாதம் கொழும்பில் கண்மூடினார். இன்று கல்லடியில் துயில்கிறார். எத்தனை தடவை அந்தக் கடலைக் கடந்திருப்பார் என்று நினைத்தால் வியப்பாக இருக்கும். அவர் காலத்தில் அது அவ்வளவு பெரிய காரியமாக இருக்கவில்லை. காரணம், ஒரு ரயிலும் ஒரு கப்பலும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தலைமன்னாரும் தனுஷ்கோடியும் கப்பலால் இணைந்தன. இடையில் இருபத்திரண்டு மைல் கடல்தான். கொழும்பில் ஒரு ரிக்கற் வாங்கினால் சென்னை எழும்பூரில் போய் இறங்கலாம். 'போட் மெயில்' என்ற பெயர் இரு கரையிலும் வீட்டுச் சொல்லாயிற்று. 1928க்குப் பிறகு நமது ஊரும் அந்தத் தண்டவாளத்தில் சேர்ந்துகொண்டது.

என் அம்மம்மாவும் நமது பாடசாலை மாணவிதான். பன்னிரண்டு வயதில், 1938இல், தகப்பனோடு இராமேசுவரமும் சிதம்பரமும் பார்த்துச் சென்னைவரை போய்வந்தார். அந்தப் பயணத்தைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் ரயிலேறி மாகோவில் இறங்கி, தலைமன்னார் ரயிலுக்கு மாறி, விடியப் புறத்தில் கப்பல். கட்டுச்சோறு கப்பல்வரை தாங்கியதாம். திரும்பும்போது மண்டபம் முகாமில் டொக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்ததும், தகப்பன் தன்னைப் பின்னால் ஒளித்துக்கொண்டதும் அவருக்கு மறக்கவில்லை. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. கொள்ளை நோய்கள் தீவுக்குள் வந்துவிடாதபடி பயணிகளை அங்கே நிறுத்திச் சோதிப்பார்கள். "நில்லாமப் போனா ரெண்டு ராவும் ஒரு பகலும் புள்ள" என்பார் அம்மம்மா. கடவுச்சீட்டு, விசா என்ற சொற்கள் அந்தக் கதையில் வரவே இல்லை. சுதந்திரத்தோடு, 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தோடு, அந்தச் சொற்கள் நம் வீட்டுக்கும் வந்தன.

அம்மம்மா கப்பலில் போன அதே 1938இல் ஆகாய வழியும் திறந்தது. அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் சென்னையிலிருந்து இரத்மலானைக்கு வந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு, 'சீதாதேவி' என்ற டகோட்டா விமானம். டகோட்டா வேகம் குறைந்த விமானம். ஆகவே இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்திருக்கும். அம்மம்மாவின் இரண்டு இரவும் ஒரு பகலும் அதற்குள் அடங்கிவிட்டன. 1958இல் நமது ஊரிலும் விமான நிலையம் திறந்தார்கள். தீவுக்குள் பறந்த சிறு விமானங்கள் வாவிக்கு மேலே தாழ்ந்து வரும்போது, வகுப்பை விட்டு ஜன்னலுக்கு ஓடிய கதையை அம்மா சொல்வார். அம்மாவும் நம்மில் ஒருத்தி.

அம்மாவின் தலைமுறைக்கு அப்போது மூன்று வழி இருந்தது: தரை, கடல், ஆகாயம். நான் மருத்துவ பீடத்துக்குப் போகும் வயதை அடையுமுன் அந்த மூன்றும் ஒவ்வொன்றாய் அடைபட்டன. 1964 டிசம்பர் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த இரவில் தனுஷ்கோடியை நோக்கிப் போன ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி இன்னும் இருபது ஆண்டு ஓடி, 1984இல் நின்றது. எயார் சிலோன் 1978இல் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி நமது ஊரைப் புரட்டிப் போட்டதை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1983இல் நமது விமான நிலையம் விமானப்படையிடம் போனது. தெருவில் சோதனைச்சாவடிகள் எழுந்தன. ரயில் சில காலம் வந்தது, பல காலம் வரவில்லை. வரைபடத்தில் சென்னை அதே அறுநூறு கிலோமீட்டரில்தான் இருந்தது.

இனி, கேள்வி கேட்ட தோழியின் கதை. அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். எங்கள் வகுப்பாருக்குத் தெரியும்.

1996இல் நாங்கள் பதினோராம் ஆண்டு. அவள் ஜன்னலோரத்தில் இருப்பாள். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். நாங்கள் அதைக் கேலி செய்திருக்கிறோம். இன்று என்னிடம் ஒரு பதினாறு வயதுப் பெண் பிள்ளை அப்படி வந்தால், காதில் குழாயை மாட்டுமுன்பே பாதி தெரிந்துவிடும். சிறு வயதில் தொண்டை நோவோடு வந்த காய்ச்சல், அதைத் தொடர்ந்து மூட்டுவாதக் காய்ச்சல், அது விட்டுப்போன வடு. இதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைற்றல் வால்வு சுருங்கிவிடும். இரத்தம் நுரையீரலில் தேங்கும். படுத்தால் மூச்சு முட்டும்.

அவ்வாண்டு ஓகஸ்ட்டில் அவளுடைய நிலை மோசமாயிற்று. சென்னையில் பலூன் வைத்து வால்வை விரிக்கும் சிகிச்சை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொழும்பில் இருந்த மாமா கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தார். வகுப்பில் நெஸ்ற்றமோல்ற் பேணி ஒன்றைச் சுற்றிவிட்டுக் காசு சேர்த்தோம். அதில் விழுந்தது ஒரு வழிப் பஸ் காசுக்குக் காணும்.

புறப்பட்ட முதல் நாள் பஸ் வாழைச்சேனையோடு திரும்பிவிட்டது. பாதையில் பிரச்சினை என்றார்கள். இரண்டாம் நாள் பஸ்ஸே இல்லை. அந்த வாரம் ரயிலும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வானில் இடம் கிடைத்தது. புனாணையில் இறக்கி ஏற்றினார்கள், வெலிக்கந்தையில் இறக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு இடத்திலும் பொதிகளைச் சுமந்துகொண்டு வரிசையில் நடக்கவேண்டும். அவளால் நடக்க முடியாது. தகப்பன் அவளை ஒரு கையால் தாங்கி, மறு கையில் பொதியோடு நடந்தார். பொலனறுவையில் இரவு தங்கினார்கள். நான்காம் நாள் இரவு கொழும்பு. ஐந்தாம் நாள் பொலிஸ் பதிவும் மற்ற அலுவல்களும். ஆறாம் நாள் கட்டுநாயக்கவில் விமானம் ஏறினார்கள்.

அங்கிருந்து அவள் எனக்கு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. "உன்னை ஒண்டு கேக்கிறன், நம்புவியா? கொழும்பில பத்து மணிக்குப் பிளேன் எழும்பினது. மீனம்பாக்கத்தில இறங்கிச் சுவர் மணிக்கூட்டைப் பாத்தன். பத்து இருபது."

அவள் பொய் சொல்லவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, 1996 மே மாதத்தில் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. அதுவரை நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். அந்தச் சில மாதங்கள் மட்டும் நாம் ஒரு மணித்தியாலம் முந்தி இருந்தோம். 1 மணித்தியாலம் 20 நிமிடம் பறந்தால், இறங்கிய இடத்துக் கடிகாரத்தில் இருபது நிமிடம்தான் நகர்ந்திருக்கும். மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு ஆறு நாளும் இருபது நிமிடமும்.

பலூன் வால்வை விரித்தது. அவள் பிழைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வந்து அதே ஜன்னலோரத்தில் இருந்தாள். மாடிப்படியை ஓடி ஏறிக் காட்டினாள். பின்னர் சென்னையிலேயே திருமணமாகி, இன்று அங்கேயே இருக்கிறாள். வட்ஸ்அப்பில் அவள் கேட்ட கேள்வியில் 'இப்ப' என்ற சொல் ஏன் வந்தது என்று இப்போது விளங்கும்.

அவள் பிழைத்ததற்கு மருத்துவ ரீதியாக ஒரு காரணம் சொல்லவேண்டும். சுருங்கிய வால்வு பல வருடமாய் வளரும் நோய். அது அவளுக்கு ஆறு நாள் தவணை கொடுத்தது. எல்லா நோயும் அப்படித் தருவதில்லை.

1998 மாசியில் படுவான்கரையில் வயல் அறுவடை. என் சின்ன மாமா கதிர் கட்டும்போது புடையன் கடித்தது. கடிகார விடயம் அப்போதும் தீரவில்லை. 1996 ஒக்ரோபரில் அரசாங்கம் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது, மீதி அரை மணித்தியாலம் அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஆகவே வாவியின் எழுவான்கரையில் ஆறு மணி என்றால் படுவான்கரையில் ஐந்தரை. மாமாவைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தவர்கள், ஐந்தரைதானே ஆகிறது என்று நம்பி வந்தார்கள். இக்கரை மணிக்கு ஆறு ஆகியிருந்தது. கடைசிப் பாதை போய்விட்டது.

வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். நமது ஊரில் 'பாதை' என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. ஆட்களையும் சைக்கிள்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கயிற்றிலோ இயந்திரத்திலோ நகரும். மண்முனை, அம்பிளாந்துறை, மண்டூர் என்று பல துறைகளில் ஓடியது. இருட்டினால் ஓடாது. அந்தக் காலத்தில் இருட்டியபின் வாவியில் வள்ளம் இறக்கவும் யாரும் துணிய மாட்டார்கள்.

புடையன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. சிறுநீரகத்தைத் தாக்கும். எதிர்விஷத்தை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. முதல் சில மணித்தியாலங்கள்தான் முக்கியம். மாமா பன்னிரண்டு மணித்தியாலம் துறையில் கிடந்தார். காலையில் முதல் பாதையில் கொண்டுவந்தார்கள். அதன் பின் மூன்று நாள் இருந்தார். துறையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் வீடுகளின் விளக்கு தெரியும்.

இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. என் தோழி அறுநூறு கிலோமீட்டர் கடந்து பிழைத்தாள். என் மாமா கண்ணுக்குத் தெரிந்த கரையை அடைய முடியாமல் போனார். இரண்டும் ஒரே வீதியில், இரண்டு வருட இடைவெளியில் நடந்தன. தூரம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத் தந்தவை இவை இரண்டும்தான்.

நான் மருத்துவம் படிக்க யாழ்ப்பாணத்துக்குப் போனேன். மட்டக்களப்பிலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். 2001இல் தரை வழி பூட்டியிருந்தது. திருகோணமலைக்குப் பஸ்ஸில் போய், கப்பலுக்குப் பெயர் கொடுத்து, காற்றும் கடலும் மற்றவையும் இடம் கொடுக்கும்வரை நாட்கணக்கில் காத்திருந்து, ஓர் இரவு முழுவதும் வாந்தி எடுத்துக்கொண்டு காங்கேசன்துறையில் இறங்கினேன். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பிறகு கண்டி வீதி திறந்தது. முதல் தடவை பஸ்ஸில் ஒரே நாளில் வீடு வந்து சேர்ந்தபோது, அம்மா வாசலில் என்னைக் கண்டு பயந்துவிட்டார். ஏதோ நடந்துதான் திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்தார்.

அதன் பின் வாசல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. 2006 ஏப்ரலில் கடிகாரம் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இன்று வாவியின் இரு கரைக்கும், கொழும்புக்கும், சென்னைக்கும் ஒரே மணி. 2013இல் புதிய கல்லடிப் பாலம் வந்தது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தது. இரண்டுக்கும் ஜப்பான் உதவி செய்தது. 2018இல் நமது விமான நிலையம் மீண்டும் பொதுமக்கள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள்.

அப்படியென்றால் திமிலைதீவிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் வராதா என்று குழுவில் கேட்டார்கள். நானும் அதை விரும்புகிறேன். கண், இதயம், புற்றுநோய் என்று சென்னைக்கும் வேலூருக்கும் போகும் நோயாளிகளை நான் அறிவேன். ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கிய பிறகுதான் அவர்கள் விமானத்தைக் காண்கிறார்கள். இங்கிருந்து நேரே பறந்தால் ஒன்றரை மணித்தியாலம் போதும். ஆனால் ஓடுபாதை இருந்தால் மட்டும் ஒரு சர்வதேசப் பயணம் நடந்துவிடாது. சுங்கம், குடிவரவு, எரிபொருள், தீயணைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக வாரந்தோறும் இருக்கையை நிரப்பும் பயணிகள் வேண்டும். பலாலிக்கு அது அமைந்ததற்கு வெளிநாட்டு யாழ்ப்பாணத்தாரின் போக்குவரவு ஒரு காரணம். நமக்கும் அந்த நாள் வரலாம்.

ஆனால் என்னிடம் ஒன்றைத்தான் தெரிவு செய்யச் சொன்னால், விமானத்தைக் கேட்க மாட்டேன். மண்முனைப் பாலம் என் தொழிலில் செய்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தவள். இப்போது படுவான்கரையில் பாம்பு கடித்தால், '1990' என்ற இலக்கத்தை அழைக்கிறார்கள். இந்திய உதவியோடு 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவை, பின்னர் நமது மாகாணத்துக்கும் வந்தது. நள்ளிரவில் வாவியைக் கடந்து வரும் அந்த வண்டியின் விளக்கைக் காணும்போது, சில நேரம் நான் நோயாளியைப் பார்க்குமுன் மணிக்கூட்டைப் பார்ப்பேன். இன்னும் பாலம் இல்லாத துறைகள் உள்ளன. இன்னும் மழைக்காலத்தில் வெள்ளம் மூடும் வீதிகள் உள்ளன. அந்தக் கிராமத்துப் பெண்களிடம் "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். "பாதை ஓடக்குள்ள வெளிக்கிட்டா ஒரு மணித்தியாலம் டொக்டர்" என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான் சரியான கணக்கு.

உலகெங்கும் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை முன்னிட்டு ஊருக்கு என்ன செய்யலாம் என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்துக்கும் கணினிக்கும் கொடுங்கள். அதோடு, ஒரு துறையையோ ஒரு கிராமத்தையோ தேர்ந்து, அங்கிருந்து நமது பாடசாலைக்கு வரும் பிள்ளை எத்தனை மணிக்குக் கண் விழிக்கிறாள் என்றும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அவளுடைய தூரத்தைக் குறைக்க ஒரு விமானம் தேவைப்படாது. சில நேரம் ஒரு சைக்கிளே போதும்.

இனி, என் தோழிக்கான பதில். சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் பறப்பு 1 மணித்தியாலம் 20 நிமிடம். பறப்புக்கு முன் விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம். இறங்கி வெளியே வர ஒன்று. கொழும்பிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், எட்டு ஒன்பது மணித்தியாலம். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள். இரவு ரயிலில் வந்தால் விடியும்போது ஊர். புனாணையிலும் வெலிக்கந்தையிலும் உன்னை யாரும் இறக்க மாட்டார்கள். தூங்கிக்கொண்டே வரலாம்.

அவள் ரிக்கற் போட்டுவிட்டாள். விழாவுக்கு மூன்று நாள் முந்தியே வருகிறாளாம். மாடிப்படியில் ஏறிப் பார்க்கவேண்டும் என்கிறாள். இந்த வயதில் நாங்கள் எல்லோருமே நடுவில் நின்று மூச்சு வாங்குவோம் என்று சொல்லியிருக்கிறேன்.